கூலியெனச் சென்றோரும் வினைஞரெனச் செல்வோரும்

கடல் கடந்து சென்று உழைத்தல் நம் சமுதாயத்தார்க்குப் புதியதன்று. இலங்கை, மலேயா, பர்மா, மொரிசியசு, நேட்டால் எனப் பல நாடுகளின் தோட்டங்களில் நம் முன்னோர் வியர்வை சிந்தியுள்ளனர். ஆயின் அவர்கள் எப்பெயரால் கப்பலேற்றப்பட்டனர் என்பதை நம் இளைஞர் அறிந்துகொள்ளல் வேண்டும். ‘கூலி’ என்பதே அப்பெயர். ‘வினைஞர்’ என்னும் பெயர் நம் கைக்குக் கிட்ட நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்வரலாற்றை இம்மலரில் எழுதுமாறு சங்கத்தார் பணித்தமையால் எழுதலானேன்.

1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னைத் துறையினின்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதில் சென்றோர் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் சென்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர். முதலாண்டு ஊதியம் திங்களுக்கு 10 சில்லிங். கப்பற் பதிவேட்டில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றை எழுதி வைத்தனர். தழும்பு எவ்வாறு வந்தது என்று எழுதினாரில்லை.

இவர்கள் தொழில் அறியாதவரா? ஏர் பூட்டவும், வரப்பு அணைக்கவும், கிணறு வெட்டவும், தோல் பதனிடவும் அறிந்தவர். எனினும் சட்டத்தின் கண்ணுக்கு இவை தொழிலாகத் தோன்றவில்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை எடுத்துக் கொள்வோம். அச்சட்டம் வேலையை இரண்டாகப் பகுத்தது. கைவினைஞர் வேலை, எழுத்தர் வேலை, கடை உதவியாளர் வேலை, உணவு விடுதிப் பணி, வீட்டு வேலை ஆகிய யாவும் ‘திறன்சார் வேலை’ ஆயின. வேளாண்மையோ ‘திறனற்ற வேலை’ என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது. தேநீர்க் கடையில் குவளை எடுத்து வைப்பவன் திறனுடையவன். பருவமறிந்து நாற்று விடுபவன் திறனற்றவன்! இச்சட்டத்தை வகுத்தோர் நாற்றங்காலில் ஒரு நாள் நின்றிருப்பின் வேறு விதமாக எழுதியிருப்பர் என்பது என் கருத்து. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமை கண்டு, ஏழைகள் ஏமாற்றி அனுப்பப்படாதிருக்க வேண்டும் என்னும் நோக்கமும் அச்சட்டத்துக்கு உண்டு.

கைவினைஞர் என்னும் பிரிவில் நம்மவர் ஏன் மிகுதியாக இல்லை? கொல்லுப்பட்டறையும் தச்சுப்பட்டறையும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வன. வெளியார் அங்குக் கால் வைக்க இயலாது. நம்மவர் அதனினும் இயலாது. இக்கதவைத் திறந்தது 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைத்தொழிற் பயிற்சித் திட்டமாகும். அதன்வழி வந்தவையே நாம் ஐ.டி.ஐ. என வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள். பிட்டர், வெல்டர், டர்னர், எலக்ட்ரீசியன் ஆகிய பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ போதும். தகப்பன் கொல்லனாயிருக்க வேண்டுவதில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டபோது, பட்டியல் சாதியார்க்கும் பழங்குடியினர்க்கும் பழகுநர் இடங்கள் ஒதுக்கப்பட்டன.

அதே 1973இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் துறைமுகங்களும் சாலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் எழலாயின. நம் பக்கத்து ஊர்களினின்றும் ஆள் போகத் தொடங்கினர்.

என் பெரியப்பா மகன் 1979இல் சென்றார். நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். அண்ணன் பன்னிரண்டு வயதிலிருந்து சித்தாள் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்க் கொத்தனார்கள் அவர் கையில் கரணை கொடார். நகரத்தில் ஒரு மேஸ்திரி இரக்கங்கொண்டு கரணையும் தூக்குக் குண்டும் பிடிக்கக் கற்பித்தார். இரண்டே ஆண்டில் நூல் பிடித்தாற்போல் சுவர் எழுப்புவார். கொத்தனார் வேலை என்று சொல்லி ஒரு முகவர் ஆறாயிரம் ரூபாய் பெற்றார். அரை ஏக்கர் நிலம் அடகு போயிற்று. தமிழ்நாடு அரசு 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. எங்கள் தெருவில் அதை அறிந்தார் ஒருவருமில்லை.

அங்குச் சென்று இறங்கிய பின்னரே தெரிந்தது, அரபு மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் ‘தொழிலாளி’ என்று மட்டுமே இருந்தமை. ஈராண்டு கான்கிரீட் சட்டி சுமந்தார். மூன்றாம் ஆண்டு அவர் கைத்திறன் கண்டு கரணை கொடுத்தனர். ஊதியம் மட்டும் சட்டி சுமந்த ஊதியமே. விசாவில் எழுதியது எதுவோ அதுவே அவர் தொழில் என்றனர். கையில் திறன் இருந்தது. அதைக் காட்ட ஒரு தாள் இல்லை. அடகு மீளப் பின்னும் நான்காண்டாயிற்று.

அவர் சென்ற காலத்தில் 1922ஆம் ஆண்டுச் சட்டமே நடப்பிலிருந்தது. அதனை நீக்கிய புதிய சட்டம் 1983 டிசம்பர் 30ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆளெடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்றது அது. முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்துக்கு இன்று 30,000 ரூபாயும் அதன் மீதான வரியுமே வரம்பு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். தேறியவர்க்கு அது வேண்டுவதில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. இளைஞர் கருத்தில் கொள்க. விலக்குப் பெற்றவரின் ஒப்பந்தத்தை எந்த அலுவலரும் படித்துப் பார்ப்பதில்லை. அவரே படித்தாக வேண்டும்.

என்னிடம் பயின்று, ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி முடித்த மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் தேர்வுக்குச் சென்றான். நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் அசையாது பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்தல் வேண்டும். மேலே நின்றும், கீழே படுத்தும், மூச்சடக்கிச் செய்ய வேண்டிய வேலை. பின்னர் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பர். இணைப்பினுள் துளை தெரிந்தால் தேர்ச்சியில்லை. முதன்முறை தவறினான். ஆறு மாதம் ஒரு பட்டறையில் பழகி மறுமுறை தேறினான்.

புறப்படுமுன் தன் ஒப்பந்தத்தை அவன் அண்ணனிடமே கொண்டு சென்றான். அண்ணனுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. எங்கள் ஊரில் வெளிநாடு செல்வோர் யாவரும் அவர் திண்ணைக்கு வந்துபோவது வழக்கமாகிவிட்டது. அவர் ஊதியத்தைக் கடைசியில்தான் கேட்பார். முதலில் தொழில் என்னும் கட்டத்தில் விரல் வைத்து, “இங்கே என்னடா எழுதியிருக்கு?” என்பார். அரபு எழுத்தாயின், அம்மொழி அறிந்த ஒருவரிடம் காட்டிப் பொருள் கேட்டு வரும்வரை கையொப்பமிட விடமாட்டார்.