பேளகொண்டப்பள்ளியில் பிறந்த விமானங்கள்

ஓசூர் என்றதும் என்ன ஞாபகம் வரும்? டைட்டன் வாட்ச், டி.வி.எஸ். வண்டி, லேலண்ட் லாரி, கொஞ்சம் ரோஜாப்பூ. விமானம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஓசூரிலிருந்து தளி போகிற சாலையில், பேளகொண்டப்பள்ளியில், 1990-களில் விமானம் செய்தார்கள். உதிரிபாகம் இல்லீங்க, முழு விமானம். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் மாட்டி, கொட்டகைக்கு வெளியே இருந்த ஓடுபாதையில் ஓட்டி, அங்கிருந்தே மேலே கிளப்பிக்கொண்டு போனார்கள்.

நிறுவனத்தின் பெயர் தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன். சுருக்கமாக 'டால்'. ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது 'தனேஜா ஏர்போர்ட்'தான். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் பிரிந்தது என்பதால், இந்தத் தொழிற்சாலை பிறந்தபோது முகவரி தர்மபுரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை தாலுகா. யானை இறங்குகிற காட்டுக்குப் பக்கத்து ஊர். அங்கே சுமார் 7,000 அடி நீளத்துக்கு ஒரு ஓடுபாதை. சின்ன விமானத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

இங்கே செய்ய எடுத்துக்கொண்டது இத்தாலியின் பார்ட்டெனாவியா நிறுவனத்தின் பி-68. நேப்பிள்ஸ்காரரான லூயிஜி பஸ்காலே வடிவமைத்தது. 1970-ல் முதலில் பறந்தது. விமானியோடு சேர்த்து 6 பேர் உட்காரலாம். இரண்டு லைக்கமிங் பிஸ்டன் எஞ்சின், ஒவ்வொன்றும் 200 குதிரைத்திறன். பார்க்க விசித்திரமான வண்டி. இரண்டு எஞ்சின் உள்ள விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை கீழே இருக்கும், பறக்கும்போது சக்கரம் உள்ளே மடங்கிவிடும். பி-68-க்கு இறக்கை தலைக்கு மேலே, தாங்கிப் பிடிக்க ஒரு கம்பிகூடக் கிடையாது; சக்கரமோ மடங்கவே மடங்காது. இறக்கை மறைக்காததால் கீழே நிலம் முழுசாகத் தெரியும். மடங்கும் பொறி இல்லாததால் பழுதும் குறைவு. இத்தாலியில் இதற்கு ஒரு தம்பி உண்டு: மூக்கு முழுக்கக் கண்ணாடி போட்ட 'அப்சர்வர்'. ஹெலிகாப்டர் வாங்கக் காசில்லாத போலீஸும் நில அளவைக்காரர்களும் அதை விரும்பி வாங்கினார்கள்.

ஒரு ஓய்வுபெற்ற விமானியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1970-களில் ஜக்கூரில் பறக்கக் கற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். "தம்பி, எந்த விமானம்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த ஊருன்னு கேளுங்க. மேட்டு நிலத்துல மத்தியான வெயில்ல கிளம்புறது வேற கதை" என்றார். அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். அந்த உயரத்தில் வெப்பம் 9 டிகிரி இருக்கும் என்பதுதான் விமானக்காரர்களின் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிற அளவு. வெளியே 30 டிகிரி அடித்தால் காற்று இன்னும் மெலிந்துவிடும்; விமானத்தைப் பொறுத்தவரை அது 5,500 அடி உயரத்தில் நிற்கிற மாதிரி. டர்போ இல்லாத 200 குதிரை எஞ்சின் அங்கே 165, 170-தான் கொடுக்கும். இறக்கைக்கும் தூக்க அடர்த்தியான காற்று இல்லை. எனவே ஓட வேண்டிய தூரம் கூடும், ஏறுகிற வேகம் குறையும். சென்னையில் சுலபமாகக் கிளம்புகிற வண்டி ஓசூரில் முனகும். நீளமான ஓடுபாதை வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அவர் அதிகம் பேசியது பி-68 பற்றி அல்ல, புஷ்பக் பற்றி. பெங்களூர் ஹெச்.ஏ.எல். அமெரிக்க ஏரோன்கா சீஃபைப் பின்பற்றிச் செய்து 1958-ல் பறக்கவிட்ட இரண்டு பேர் விமானம். துணி போர்த்திய உடம்பு, 90 குதிரை எஞ்சின், வாலில் குட்டிச் சக்கரம். சுமார் 150 செய்து நாடு முழுக்க ஃப்ளையிங் கிளப்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றார்கள். வால் சக்கர வண்டி தரையைத் தொட்ட பிறகுதான் வேலையே ஆரம்பம் என்பார். கொஞ்சம் அசந்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஆளில்லாத ஓடுபாதை என்றால் முதல் தடவை இறங்கவே மாட்டார்களாம். தாழ்வாக ஒரு சுற்று போய் மாடுகளை விரட்டிவிட்டு, எங்காவது புகை தெரிந்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்த சுற்றில்தான் இறக்கம்.

அப்படிப்பட்ட ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் நிறைய. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் எல்லாம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. சோழவரத்துக்கு மட்டும் மறுபிறவி கிடைத்தது, கார் பந்தயத்தால். மற்றவை வெயிலில் கிடக்கின்றன. ஓசூர் இந்தக் குடும்பத்தில் சேராது. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, தனியார் காசில், விமானம் செய்வதற்கென்றே வந்தது.

'இந்தியாவில் விமானம் செய்த முதல் தனியார் நிறுவனம்' என்று டாலைச் சொல்வதுண்டு. எனக்கு இதில் ஒரு சின்ன முணுமுணுப்பு. ஹெச்.ஏ.எல்.-ஐயே 1940-ல் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த் என்ற தனியார் முதலாளி, மைசூர் சமஸ்தானத்தின் பங்கோடு. 1941-லேயே அங்கே ஹார்லோ என்ற அமெரிக்கப் பயிற்சி விமானம் பறந்தது. அப்புறம்தான் போரும் அரசும் வந்து எடுத்துக்கொண்டன. சுதந்திர இந்தியாவில் முதல் என்று திருத்திச் சொன்னால் எனக்குச் சண்டை இல்லை.

சரி, ஓசூரில் என்ன ஆச்சு? பெரிய கனவு இருந்தது. பி-68-க்கு அடுத்து 11 பேர் உட்காரும் வியாட்டர் என்ற டர்போபிராப் விமானமும் திட்டத்தில் இருந்தது. ஆனால் தாய் நிறுவனமான பார்ட்டெனாவியாவே நொடித்துப்போய், 1998-ல் அதன் சொத்தை வல்கன்ஏர் வாங்கியது. பஸ்காலே அதற்கு வெகு முன்பே விலகி, 1986-ல் டெக்னாம் என்று புதுக் கடை போட்டுவிட்டார். இங்கேயோ சின்ன விமானத்தை வாங்க ஆளில்லை. வாங்கினாலும் இறக்க இடமில்லை, ஊற்ற ஏவியேஷன் பெட்ரோல் சுலபத்தில் கிடைக்காது. இத்தாலிக்காரர்கள் மேல் பழியைப் போடுவது எளிது. என் கணிப்பில் அவர்கள் நன்றாக இருந்திருந்தாலும் இந்த வரிசை ரொம்ப நாள் ஓடியிருக்காது.

கொட்டகை சும்மா இருக்கவில்லை. பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் 1980-களில் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸீயை ஒட்டி ஒரு விமானம் கட்டிப் பார்த்திருந்தது. அதற்குக் கிடைமட்ட வால் மூக்குப் பக்கம், எஞ்சின் முதுகுப் பக்கம். கலப்பு இழைப் பொருளில் விமானம் செய்யும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான் ஹன்ஸா. முதல் மாதிரி 1993 நவம்பரில் பறந்தது. ஹன்ஸா-3 சான்றிதழ் வாங்கியது 2000-ல். அதைத் தயாரித்த இடம் ஓசூர். டர்போ வைத்த ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் எஞ்சின் என்பதால் மேட்டு நிலத்தில் அவ்வளவாக மூச்சு வாங்காது. ஃப்ளையிங் கிளப்களுக்குப் போனது, கான்பூர் ஐ.ஐ.டி.க்கும் ஒன்று போனது. பிறகு அதுவும் நின்று, டால் ஹெச்.ஏ.எல்.லுக்கும் இஸ்ரோவுக்கும் பாகங்கள் செய்யும் கம்பெனியானது.

இப்போது ஓசூரும் விமானமும் மறுபடி சேர்ந்து பேசப்படுகின்றன. 2024 ஜூன் 27 அன்று, 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் ஓசூரில் வரும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். குறுக்கே நிற்பது மாநில எல்லை அல்ல, ஒரு ஒப்பந்தம். 2008-ல் திறந்த தேவனஹள்ளி நிலையத்துக்கு 150 கி.மீ. சுற்றளவில் 25 ஆண்டுக்குப் போட்டி கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. பேளகொண்டப்பள்ளி அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 60 கி.மீ.தான்.

இந்தப் பேச்சில் பழைய கதை சுத்தமாக விடுபடுகிறது. ஏதோ ஓசூர் இப்போதுதான் முதல் தடவை வானத்தைப் பார்க்கிற மாதிரி எழுதுகிறார்கள். தளி சாலைக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வந்து, ரிவெட் அடித்து, ரெசின் தடவி விமானம் கட்டியவர்களுக்கு இன்று வயது 50, 60. அவர்களில் ஒருவரின் பேச்சும் எழுத்தில் நான் பார்த்ததில்லை. விமானியிடமாவது லாக் புத்தகம் இருக்கும். ஃபிட்டரிடம் என்ன இருக்கும்?

அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பழைய அடையாள அட்டை, கொட்டகைக்குள் எடுத்த ஒரு போட்டோ, எது கிடைத்தாலும் சொல்லுங்கள். ஓசூர் பக்கம்தான் அடிக்கடி வருகிறேன், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.