தகப்பன் பெயர் இருந்த இடத்தில்

2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஜல்காவ் மாவட்டத்து பாத்லி புத்ருக் என்ற ஊரில், பெண்களுக்கான இடத்துக்கு வந்த ஒரு வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். மனு போட்டவர் திருநங்கை. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளைக்குப் போனது. அவர் தன்னைப் பெண் என்று சொல்கிறார், அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, ஆகவே பெண்ணாகவே நிற்கலாம் என்றது நீதிமன்றம். அவர் நின்றார், வென்றார்.

வழக்கின் தலைப்பில் உள்ள அவர் பெயர் அஞ்சலி குரு சஞ்சனா ஜான். மகாராஷ்டிரத்தில் ஒருவர் பெயரை அடுத்துத் தகப்பன் பெயரோ கணவன் பெயரோ வரும், அதன் பின் குடும்பப் பெயர். பள்ளிச் சான்றிதழ் முதல் ரேஷன் அட்டை வரை இதுதான் முறை. அந்த நடு இடத்தில் இங்கே ஒரு குருவின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. பெற்ற வீடு கைவிட்டபோது ஏற்றுக்கொண்ட வீட்டின் பெயர் அது. மும்பையில் அந்த வீட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

மும்பைத் தமிழர் வரலாறு என்றால் வழக்கமாகச் சொல்லப்படுபவை இரண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்களின் கதை ஒன்று. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று ரயில் ஏறி, மாட்டுங்காவில் குடியேறி, பிறகு செம்பூர் வரை பரவிய அலுவலகக்காரர்களின் கதை இன்னொன்று. முதல் கூட்டம் ஆதிதிராவிட மகாஜன சங்கம் கண்டது. இரண்டாவது கூட்டம் மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் கண்டது. சங்கம் வைத்தவர்கள் ஆண்டு மலர் போட்டார்கள், படம் மாட்டினார்கள், ஆகவே அவர்கள் வரலாறு நிற்கிறது. மூன்றாவது ஒரு கூட்டமும் வந்தது. ஊரில் அடி வாங்கி, யாரிடமும் சொல்லாமல், மாற்றுத் துணிகூட இல்லாமல் தாதரில் இறங்கியவர்கள். இவர்களுக்கு ஆண்டு மலர் கிடையாது. இவர்களை வரவேற்றது திருநங்கைகளின் ஜமாத்.

மும்பை ஜமாத் பல வீடுகளாகப் பிரிந்தது. அமெரிக்க மானுடவியலாளர் செரீனா நந்தா 1990இல் வெளியிட்ட நூலில் ஏழு வீடுகளைக் குறிப்பிடுகிறார். லஷ்கர்வாலா, பெண்டி பஜார், பூனாவாலா என்று பழைய பம்பாயின் தெருவும் தண்டும் வழித்தடமும் அந்தப் பெயர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் நாயக் என்ற ஒரு தலைவர். வீடுகளுக்குள் வழக்கு வந்தால் நாயக்குகள் கூடி முடிவு சொல்வார்கள். சாதி, மதம், மொழி பார்த்து வீடு பிரிவதில்லை. தமிழ் பேசும் சேலாவுக்கு, அதாவது சிஷ்யைக்கு, இந்தி பேசும் குரு வாய்க்கலாம், இந்துவுக்கு முஸ்லிம் குரு வாய்க்கலாம். மும்பையின் மற்ற குடியேறிகள் எல்லாம் சொந்த ஊர்க்காரர், சொந்தச் சாதி என்று தேடிப் போய் ஒண்டிய நகரத்தில் இது சாதாரண விஷயமல்ல.

சேர்த்துக்கொள்ளும் சடங்குக்கு ரீத் என்று பெயர். மூத்தவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்தவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முன்னால் வருவாள். பாம்படுத்தி என்று சொல்லி ஒவ்வொருவர் காலையும் தொடுவாள். ஜியோ என்று பதில் வரும். தட்டில் ரீத்துப் பணம் வைக்கப்படும். இன்று முதல் இவள் இன்னாருடைய சேலா என்று உரக்கச் சொல்லி, விரல்களை விரித்துக் கை தட்டுவார்கள். குரு வைத்த பெயர்தான் அதன்பின் அவள் பெயர். குருவின் குரு அவளுக்கு நானி. கூடப் பிறந்தது போல அக்கா, தங்கை. ஒரு சாயங்காலத்துக்குள் ஒரு வம்சமே கிடைத்துவிடும்.

இந்தச் சடங்கில் யாரும் உடலைச் சோதிப்பதில்லை. நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஜமாத்துக்குள் தனி மதிப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் உள்ளே வருவதற்கு அது நுழைவுச் சீட்டு அல்ல. நான் இப்படிப்பட்டவள் என்று வந்து நின்றால் போதும், சாட்சிகள் முன் ஒருவர் பொறுப்பேற்றால் போதும்.

விலை உண்டு. குருவின் வீட்டில் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், சம்பாத்தியத்தில் பங்கு கொடுக்க வேண்டும். கடைகளில் காசு கேட்பதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் எல்லை உண்டு. அடுத்தவர் எல்லைக்குள் கை தட்டினால் தண்டம். குருவை மாற்ற வேண்டுமானால் புதிய குரு பழைய குருவுக்குப் பணம் கட்ட வேண்டும். மாறும் தோறும் தொகை ஏறும், அந்தக் கடன் சேலாவின் தலையில்தான் விடியும். பெரிய குற்றத்துக்கு முடியை வெட்டுவார்கள். அதற்கும் மேலே ஹுக்கா பானி நிறுத்தம். ஜமாத்தில் ஒருவரும் பேசக்கூடாது, தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. வீட்டை விட்டு ஓடி வந்த ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்க முடியும்? தனிமனிதச் சுதந்திரம் தேடி மும்பைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு குடும்பம். குடும்பங்களுக்கே உரிய அன்பும் அதிகாரமும் அதில் சேர்ந்தே இருந்தன.

அ. ரேவதி இரண்டையும் மறைக்காமல் எழுதியவர். நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓடி, டெல்லியிலும் மும்பையிலும் குருமார் வீடுகளில் வாழ்ந்தவர். தமிழில் எழுதிய அவருடைய தன்வரலாறு முதலில் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் வந்தது. தமிழில் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் அடுத்த ஆண்டு வந்தது. புனே ரயில்களில் கை நீட்டிய அனுபவத்தை ‘நான், வித்யா’வில் 2007இலேயே சொல்லியிருந்தார் லிவிங் ஸ்மைல் வித்யா. இவ்விரு நூல்களுக்கு முன் தமிழ் வாசகருக்கு இந்த வாழ்க்கை பெரும்பாலும் சினிமாவின் கேலியாகவே கிடைத்தது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) ஒரு விதிவிலக்கு. கலவரத்தில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைக்கு அடைக்கலம் தருபவர் அதில் ஒரு திருநங்கை. அந்தப் பாத்திரத்தை மரியாதையோடு படைத்ததற்காகவே அந்தப் படத்தை நினைவில் வைக்கலாம்.

ஜமாத்துக்குச் சொல் போதும். அரசோ எப்போதும் வேறு கேள்வி கேட்டது.

மராட்டிய ஆட்சியில் ஹிஜ்ராக்கள் என்று வடக்கே அழைக்கப்படும் இவர்களில் சிலருக்கு ஊர்களில் காசும் தானியமும் கேட்டு வாங்கும் உரிமை இருந்தது. சனது என்ற அரசு ஆவணமாக எழுதிக் கொடுத்த, குருவிடமிருந்து சேலாவுக்குப் போன உரிமை. அந்தப் பகுதிகளைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள், இத்தகைய உரிமையை அரசு தாங்கிப் பிடிக்காது என்று முடிவு செய்தார்கள். லாரன்ஸ் பிரெஸ்டன் என்ற வரலாற்றாசிரியர் 1987இல் இந்த ஆவணங்களைத் தோண்டி எடுத்து விரிவாக எழுதியிருக்கிறார். உரிமையாக இருந்தது ஒரு தலைமுறைக்குள் பிச்சையாகிவிட்டது.

வடக்கே நிலைமை இன்னும் மோசம். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழர்கள் பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூட்டோடும் கைரேகைச் சட்டத்தோடும் சேர்த்து அறிவார்கள். அதன் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. ஆணாகப் பிறந்து, ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொண்டவரோ மருத்துவப் பரிசோதனையில் அப்படித் தெரியவந்தவரோ அந்த வரையறைக்குள் வந்தார்கள். அவர்களில் சந்தேகத்துக்குரியவர்கள் பதிவேட்டில் ஏறினார்கள். பதிவானவர் தெருவில் பெண் உடையில் தெரிந்தால், பொது இடத்தில் ஆடினால், வாரண்ட் இல்லாமல் கைது, இரண்டாண்டு வரை சிறை. 16 வயதுக்குக் குறைந்த சிறுவனை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. உயில் எழுதக்கூடாது, தானம் கொடுக்கக்கூடாது, தத்து எடுக்கக்கூடாது. வட மாகாணங்களில்தான் இந்தப் பகுதி முதலில் அமலானது. குரு–சேலா வீட்டை வேரோடு பிடுங்குவதே நோக்கம் என்பது கடைசி மூன்று தடைகளைப் படித்தாலே தெரியும். சொத்தும் வாரிசும் இல்லாத வீடு ஒரு தலைமுறையோடு அழியும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குப் பொய்த்தது.

1952இல் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. ஏழாண்டு கழித்து, சுதந்திர இந்தியாவின் பம்பாய் மாநிலம் பிச்சைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பாடியோ ஆடியோ காசு வாங்கினாலும் பிச்சைதான் என்று அது வரையறுத்தது. திருமண வீட்டில் ஆடி வாழ்த்துவதும் பிள்ளை பிறந்த வீட்டில் பாடுவதும்தான் ஜமாத்தின் பழைய தொழில். அதையே தெருவில் செய்தால் பிடிக்கலாம், பிடிபட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இல்லத்தில் அடைக்கலாம். மும்பையில் அந்த இல்லம் இருப்பது செம்பூரில். கோவிலும் கச்சேரியும் ஃபில்டர் காபியும் என்று தமிழ்க் குடும்பங்கள் பெருமையோடு சொல்லும் அதே செம்பூர்தான். 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை டெல்லி அளவில் ரத்து செய்தது. அது பிறந்த மண்ணில் அப்படி ஒரு தீர்ப்பு அப்போது வரவில்லை.

யார் பெண், அதை யார் சொல்வது என்ற கேள்வி நேராக நீதிமன்றம் ஏறியது தேர்தல் வழியாகத்தான். மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் திருநங்கை கமலா ஜான் பெண்களுக்கான இடத்தில் நின்று மேயரானார். வாக்காளர்களுக்கு அவர் யார் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் ஆண் என்று சொல்லித் தேர்வு செல்லாததாக்கப்பட்டது, 2003இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே கேள்விக்கு 2021இல் ஔரங்காபாத் நேர்மாறான விடை கொடுத்ததற்குக் காரணம், நடுவில் வந்த 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தீர்ப்பு. தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் உடலைவிட உள்ளத்தின் சாட்சியமே பெரிது என்றார்கள். அறுவை செய்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றார்கள். மும்பையின் திருநங்கைச் செயற்பாட்டாளர் லட்சுமி நாராயண் திரிபாதி அந்த வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டு பேசியவர்.

ஐந்தாண்டு கழித்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்டது. தன்னுணர்வின்படி அடையாளம் கொள்ளும் உரிமை உண்டு என்றது 2019ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கு என்றது. ஆண் என்றோ பெண் என்றோ மாற்ற வேண்டுமானால் மருத்துவமனைத் தாளும் வேண்டும் என்றது. 1871இல் பதிவேடு, 2019இல் சான்றிதழ். இரண்டையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். முன்னது சிறைக்கு அனுப்பியது, பின்னது உதவித்தொகைக்கும் வேலைக்கும் வழி திறக்கிறது. ஆனாலும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மை என்பதற்கு அலுவலக முத்திரை கேட்கும் பழக்கம் மாறவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தைக் கேலி செய்து ஒதுக்க முடியாது. சொல் ஒன்றே போதுமென்றால் பெண்களுக்கான சிறையிலும் விளையாட்டிலும் இட ஒதுக்கீட்டிலும் பொய் நுழையாதா என்று பலர் உண்மையான கவலையோடு கேட்கிறார்கள். உலகமும் ஒரே திசையில் போகவில்லை. அர்ஜென்டினா 2012இல் சுய அறிவிப்பே போதும் என்று சட்டம் செய்தது. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தைப் பொறுத்தவரை பெண் என்றால் பிறப்பால் பெண் என்றது. விளையாட்டுக்குத் தனி விதி தேவைப்படலாம். ஆனால் சோதனை என்பது என்ன செய்யும் என்பதைத் தமிழர்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பெண்ணாகவே பிறந்து வளர்ந்து ஓடியவர். யாரிடமும் பொய் சொல்லவில்லை. பாலினச் சோதனை முடிந்ததும் பதக்கம் பறிபோனது, ஊர் முழுக்க அவர் உடலைப் பற்றிப் பேசியது. பொய்யைப் பிடிக்க வைத்த வலையில் சிக்கியது ஓர் உண்மையான ஓட்டக்காரி.

இது ஒரு சிலரின் விவகாரம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலினம் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 4,87,803. மகாராஷ்டிரத்தில் மட்டும் ஏறத்தாழ 41,000.

இப்போது தாராவியில் இந்த விவகாரம் வேறொரு வடிவத்தில் வந்து நிற்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பின் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. எல்லாம் தாள்தான். பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை. 2009 வரை வாக்காளர் பட்டியலில் ஆண், பெண் தவிர வேறு கட்டமே கிடையாது. ஆகவே பழைய தாளில் ஒரு திருநங்கை இருந்தால் பெரும்பாலும் ஊரில் வைத்த ஆண் பெயரில்தான் இருப்பார், இன்றைய அடையாள அட்டையில் குரு வைத்த பெயரில் இருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று காட்டுவது அவர் பொறுப்பு.

குரு இறந்துவிட்டால் சிக்கல் இரட்டிக்கும். ஜமாத் வழக்கப்படி வீடு சேலாவுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலில் சேலா என்ற உறவே கிடையாது. முப்பது ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத அண்ணன் மகனுக்கு அதில் இடமுண்டு. 2016இல் இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் குரு–சேலா வழக்கத்தை ஏற்று, சொத்து அந்த வழியில் போகலாம் என்றது. அதை வைத்து வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்கு வக்கீல் வேண்டும், காலம் வேண்டும். கணக்கெடுப்பு அதிகாரி கதவைத் தட்டும் நேரத்தில் ஒரு சேலாவின் கையில் இருப்பது, என்றோ ஒரு சாயங்காலம் சாட்சிகள் முன் சொல்லப்பட்ட சொல் மட்டுமே. அந்தச் சொல்லைக் குடும்ப உறவாக ஏற்கும் ஒரு வரியை மகாராஷ்டிர அரசு தன் விதிகளில் எழுதலாம். உயில் எழுதக்கூடாது என்று 1871இல் எழுதியதும் ஒரு வரிதான்.