ஊவாத் தோட்டங்களும் ஊடுகதிரும்

1895ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், ஜெர்மனி நாட்டு வூர்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் றொன்ட்ஜன் அதுகாறும் அறியப்படாத கதிரொன்றைத் தம் ஆய்வுகூடத்திற் கண்டார். தசையை ஊடுருவி எலும்பிலே தடைப்படும் அக்கதிர், உடலைக் கீறாமலே உள்ளுறுப்புகளைக் காணும் வழியை வைத்தியருக்குத் திறந்தது. பௌதிகத்துக்கான முதல் நொபேல் பரிசு 1901இல் அவருக்கே வழங்கப்பெற்றது. ஆயின் ஒரு கருவி உலகிலே தோன்றுதல் வேறு. அதன் பயன் மலைநாட்டுத் தொழிலாளியைச் சென்றடைதல் வேறு. இதற்கு ஊவாத் தோட்டங்களின் வரலாறு தக்க சான்றாகும்.

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவை குறித்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் வேறொரு சட்டம் பின்தொடர்ந்தது. இவற்றின் வழியே தோட்டங்கள்தோறும் மருந்துச்சாலைகள் பரவலாயின. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அவை ஓரளவு உதவின. சயரோகமோ அத்தகையதன்று. தொடக்கத்தில் அது வெறும் இருமலாகவே தோன்றும். சளியிற் கிருமியைக் காட்ட நுணுக்குக்காட்டியும், சுவாசப்பையின் நிழலைக் காட்ட ஊடுகதிரும் வேண்டும். நிழல் ஐயத்தை எழுப்பும். சளிச்சோதனை அதனை உறுதிசெய்யும். ஓரறையிற் குடும்பம் முழுவதும் உறங்கும் லயன்களில், நோயை அறியத் தாழ்க்கும் ஒவ்வொரு திங்களும் குழந்தைகளுக்கும் கேடாகும்.

1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதியினருக்குப் பட்டணம் அணித்தாயிற்று. எனினும் பாதை பதுளையோடு முடிந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை மலைகளிலுள்ளோர் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டின், மலைவழி இறங்கி, ஒரு நாட் கூலியையும் இழக்க நேர்ந்தது. கூலி இழப்புக்கு அஞ்சி இருமலை மறைத்தல் இயல்பே.

இத்தொழிலாளரின் முன்னோர் புறப்பட்ட தமிழகத்தில், 1956இல் சென்னையிற் சயரோக மருந்தாய்வு நிலையம் தொடங்கிற்று. ஏழை நோயாளரில் ஒரு பகுதியினர் வீட்டிலும், மறு பகுதியினர் ஆரோக்கியசாலையிலும் ஓராண்டு மருந்துண்டனர். 1959இல் வெளியான முடிவின்படி இரு திறத்தாரும் ஏறத்தாழ ஒப்பவே குணமடைந்தனர். நெருக்கமான வீடு சிகிச்சைக்குத் தடையன்று. காலத்தே கண்டறிதலும் இடையறாத மருந்துமே இன்றியமையாதன என்பது இதனாற் பெறப்படும்.

இன்று பதுளையில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. சுமந்து செல்லத்தக்க ஊடுகதிர்க் கருவிகளும் உலகில் வந்துள்ளன. நெஞ்சுப் படங்களைக் கணினி கொண்டு ஆராய்வதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றுள்ளது. ஆகவே, நோயாளி மலையிறங்கும் வரை காத்திராது, கருவி மலையேறுதல் இன்று இயலும் செயலே. 1872இன் சட்டம் மருந்தைத் தோட்டத்துக்கு அனுப்பியது. நோயறியும் கண்ணையும் அவ்வாறே அனுப்புதல் இத்தலைமுறையின் கடனாகும்.