பெய்த் தராஸில் இறங்கிய துப்பாக்கி

1948 மார்ச் 31 இரவு. காசாவுக்கு வடகிழக்கே, பெய்த் தராஸ் என்ற அரபுக் கிராமத்தின் அருகில், பிரிட்டிஷ் விமானப்படை கைவிட்டுப்போன ஓடுதளம் ஒன்றில் ஒரு ஸ்கைமாஸ்டர் சரக்கு விமானம் இறங்கியது. அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்குப் பேசி எடுத்த விமானம் அது. அதன் வயிற்றில் 200 ரைஃபிள்கள், 40 இயந்திரத் துப்பாக்கிகள், 1,60,000 தோட்டாக்கள். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஆகவே விடிவதற்குள் சரக்கை இறக்கி மறைத்துவிட வேண்டும். விமானமும் கிளம்பிவிட வேண்டும். இரண்டும் நடந்தன.

அன்று இறங்கிய ரைஃபிளுக்கு, அதை விற்ற செக்கோஸ்லோவாக்கியர்கள் வைத்த குறியீட்டுப் பெயர் பி-18. வாங்கிய யூதப் போராளிகள் அதைச் சுருக்கமாக ‘செக்கி’ என்றார்கள். செக் நாட்டுக்காரன் என்று பொருள். உண்மையில் அது ஜெர்மானியன். ஹிட்லரின் காலாட்படை போர் முழுக்கத் தோளில் சுமந்த அதே மவுசர் கார்-98கே. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளவேண்டிய போல்ட், ஐந்து தோட்டா கொள்ளும் அறை, 7.92 மில்லிமீட்டர் குழல், ஏறக்குறைய நான்கு கிலோ எடை. 1948-லேயே பழைய சாமான்தான். ஒரு போரின் போக்கை மாற்றும் ஆயுதம் என்று யாரும் நினைக்கக்கூடிய தோற்றம் அதற்கு இல்லை.

அது பிறந்த இடம் செக்கோஸ்லோவாக்கியாவின் ப்ர்னோ நகரத்து ஸ்ப்ரோயோவ்கா ஆலை. ஆயுதத் தொழிலில் பெரிய பேர் அது. பிரிட்டிஷ் ராணுவத்தின் ‘பிரென்’ இயந்திரத் துப்பாக்கியின் பெயரில் முதல் பாதி இந்த ப்ர்னோதான். போருக்குப் பின் ஜெட்டர் டிராக்டரும் இங்கேதான் உருவானது. நம்மூர் வயல்களில் ஓடிய எச்எம்டி டிராக்டருக்கு மூலம் அந்த ஜெட்டர். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை உள்ளே வந்ததும் ஆலை அவர்கள் கைக்குப் போனது. தொழிலாளர்கள் அதே செக்காரர்கள், இயந்திரங்களும் அதே இயந்திரங்கள். மேலே அடிக்கிற முத்திரை மட்டும் மாறியது. ‘டி-ஓ-டி’ என்ற சங்கேத எழுத்துகள் ஏறின. பக்கத்தில் ஒரு சிறு முத்திரை, கழுகும் அதன் காலடியில் ஸ்வஸ்திகாவும்.

1945-ல் ஜெர்மானியர்கள் தோற்று ஓடினார்கள். ஆலையில் கிடந்த உதிரி பாகங்களும், நாட்டில் சிதறிக் கிடந்த துப்பாக்கிகளும் செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்துக்குச் சேர்ந்தன. புதிதாகப் பூட்டியவற்றில் செக் சிங்கம் ஏறியது. பழையவற்றில் கழுகு அப்படியே இருந்தது.

இந்தச் சாமானுக்கு வாங்குபவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல, கடலுக்கு அக்கரையில் இருந்த இன்னொரு ஆயுதக் கிடங்கைப் பார்க்கவேண்டும். பாலஸ்தீன யூதர்களின் தலைமறைவுப் படையான ஹகானாவிடம் 1947 வாக்கில் சுமார் 10,000 ரைஃபிள்கள் இருந்தன. கேட்கப் பெரிய எண். ஆனால் பல நாட்டு, பல வயது, பல குழல் அளவுத் துப்பாக்கிகள் அவை. பெரும்பாலானவை கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணைகளிலும் குடியிருப்புகளிலும் மண்ணுக்கடியில், இரட்டைச் சுவருக்குள், பால் கொட்டகைத் தரைக்கு அடியில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. அந்த மறைவிடத்துக்கு ‘ஸ்லிக்’ என்று பெயர். 1946 ஜூனில் யாகூர் கிப்புட்ஸில் பிரிட்டிஷார் தோண்டியபோது 300-க்கும் மேற்பட்ட ரைஃபிள்களும் 4 லட்சத்துக்கும் மேலான தோட்டாக்களும் வெளியே வந்தன. ஒரே சோதனையில் அவ்வளவும் போயிற்று.

ஸ்டென் துப்பாக்கியை அவர்கள் பட்டறைகளில் தாங்களே செய்துகொண்டார்கள். ரெஹோவோத் அருகே ஒரு சலவைக்கூடத்துக்கும் பேக்கரிக்கும் அடியில் நிலவறை தோண்டி, 1945 முதல் 1948 வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட 9 மில்லிமீட்டர் தோட்டாக்களை உருவாக்கினார்கள். சலவை இயந்திரத்தின் சத்தம் கீழே ஓடிய இயந்திரங்களின் சத்தத்தை மறைத்தது. வியந்து நிற்கவேண்டிய உழைப்பு. ஆனால் ஸ்டென் கைக்கெட்டும் தூரத்துச் சண்டைக்கானது. மலைமுகட்டில் இருந்து 300, 400 மீட்டர் தள்ளிச் சுடுகிறவனுக்குப் பதில் சொல்ல நீண்ட குழல் ரைஃபிள் வேண்டும். அந்தக் குழலுக்குள் நுட்பமாகச் சுருள்பள்ளம் வெட்டுகிற வேலை நிலவறைப் பட்டறையில் ஆகிற காரியமல்ல.

என் பார்வையில் இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. இருந்த ஆயுதங்கள் ஊர்களுக்குச் சொந்தமாக இருந்தன. ஒரு கிப்புட்ஸ் தன் காசில் வாங்கி, தன் மண்ணில் புதைத்த துப்பாக்கியைத் தலைமை கேட்டால் உடனே தருமா? பக்கத்து மலையில் எதிரி இருக்கும்போது தருவது எப்படி? ஒரு நடவடிக்கைக்காகச் சில நாள் கடன் வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆள் இருந்தார்கள், திட்டமும் இருந்தது. தலைமை தன் இஷ்டப்படி எடுத்து ஓரிடத்தில் குவிக்கக்கூடிய ஆயுதம்தான் இல்லை. அதனால் 1948 மார்ச் வரை ஹகானாவின் போர்முறை, சிதறி நின்று ஒவ்வோர் ஊரையும் காப்பதும், அந்த ஊர்களுக்கு லாரி வரிசைகளை அனுப்புவதுமாகவே இருந்தது. மார்ச் கடைசி வாரத்தில் அந்த முறை உடைந்தது. யெஹியாமுக்குப் போன வரிசை, நபி தானியல் அருகே திரும்பிவந்த வரிசை, ஹுல்தாவில் இருந்து ஜெருசலேமுக்குக் கிளம்பிய வரிசை என்று அடுத்தடுத்து மூன்று சிக்கின. ஜெருசலேமில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் உணவு வரும் பாதை அடைபட்டுக் கிடந்தார்கள்.

வெளிநாட்டில் ஆயுதம் வாங்க அனுப்பப்பட்டவர் எஹூத் அவ்ரியல். வியன்னாவில் பிறந்தவர். ஐரோப்பாவில் இருந்து யூத அகதிகளைக் கப்பலேற்றும் மறைமுக வேலையில் பழகியவர். 1947 டிசம்பரில் அமெரிக்கா இப்பகுதிக்கு ஆயுதத் தடை போட்டுவிட்டது. பிரிட்டன் அரபு நாடுகளுக்கு ஒப்பந்தப்படி விற்றுக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வாசல் பிராக். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு டாலர் வேண்டியிருந்தது. அமெரிக்க யூதர்களிடம் கோல்டா மேயர்சன், பின்னாளில் கோல்டா மேயர், திரட்டிக்கொண்டிருந்த 5 கோடி டாலர் அந்தப் பசிக்கு ஏற்ற தீனி. மேற்காசியாவில் இருந்து பிரிட்டன் வெளியேறுவதை மாஸ்கோவும் விரும்பியது. 1948 ஜனவரியில் முதல் ஒப்பந்தம். வாங்குபவர் எத்தியோப்பியா என்று தாளில் காட்டப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. பிப்ரவரியில் பிராகில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. வியாபாரம் நிற்கவில்லை.

அதே பிராகில் அரபுத் தரப்பும் கடை தேடி வந்தது என்பது பலர் சொல்லாமல் விடுகிற பகுதி. சிரியாவுக்காக வாங்கிய சில ஆயிரம் செக் ரைஃபிள்கள் ‘லினோ’ கப்பலில் ஏறின. ஏப்ரலில் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஹகானா ஆட்கள் குண்டு வைத்து அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். சிரியர்கள் சளைக்காமல் துப்பாக்கிகளைத் தண்ணீரில் இருந்து எடுத்துத் துடைத்து, ‘அர்ஜிரோ’ என்ற இன்னொரு கப்பலில் ஏற்றினார்கள். ஆகஸ்டில் அதை நடுக்கடலில் இஸ்ரேலியக் கடற்படை மடக்கிச் சரக்கை எடுத்துக்கொண்டது. ஒருவரைச் சுட வாங்கிய துப்பாக்கி, கடலுக்குள் ஒரு முங்கு முங்கி, அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

பெய்த் தராஸில் விமானம் இறங்கிய சில நாளில், ‘நோரா’ என்ற கப்பல் டெல் அவிவ் வந்தது. மேலே வெங்காயமும் உருளைக்கிழங்கும். அடியில் 4,500 ரைஃபிள்கள், 200 இயந்திரத் துப்பாக்கிகள், 50 லட்சம் தோட்டாக்கள். பிரிட்டிஷ் சோதனைக்காரர்களின் மூக்கு வெங்காயத்தோடு நின்றுவிட்டது.

விமானம் இறங்கிய அதே இரவில், டெல் அவிவில் யூதத் தரப்பின் தலைவர் பென்-குரியனின் வீட்டில் தளபதிகள் கூடியிருந்தார்கள். ஜெருசலேம் பாதையைத் திறக்க 500 பேர் திரட்டலாம் என்றார்கள். அவர்களுடைய கணக்கில் அதுவே பெரிய எண். பென்-குரியன் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற இடங்களில் ஆபத்து வந்தாலும் பரவாயில்லை, ஆளையும் ஆயுதத்தையும் ஓரிடத்தில் குவிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முடிவில் 1,500 பேர் திரண்டார்கள். யாரிடமும் கடன் கேட்காமல் கொடுக்கக் கையில் ‘செக்கி’ இருந்தது. நடவடிக்கைக்கு நாக்‌ஷோன் என்று பெயர். செங்கடல் பிளக்கும் முன்பே அதற்குள் காலெடுத்து வைத்தவர் என்று யூத மரபு சொல்கிற மனிதரின் பெயர். தளபதி ஷிமோன் அவிதான். படைப்பிரிவு அளவில் ஹகானா நடத்திய முதல் தாக்குதல் இதுதான்.

அந்தச் சமயத்தில், எதிர்முகாமின் தலைவர் அப்துல் காதிர் அல்-ஹுசைனி டமாஸ்கஸில் இருந்தார். ஜெருசலேம் மலைகளில் யூத லாரிகளை நிறுத்திக்காட்டியவர் அவர். அரபு லீகின் ராணுவக் குழுவிடம் அவர் கேட்டதும் ஆயுதம்தான். கிடைக்கவில்லை. கசந்த மனத்தோடு திரும்பி, ஜெருசலேம் பாதையைப் பார்த்து நிற்கும், ஹகானா பிடித்திருந்த அல்-கஸ்தல் மலையூரை மீட்கப் போனார். ஏப்ரல் 8 அன்று அங்கே கொல்லப்பட்டார். அவருடைய ஆட்கள் அன்றே ஊரை மீட்டார்கள். மறுநாள் அவரை அடக்கம் செய்ய ஜெருசலேமுக்குத் திரண்டு போனார்கள். காவல் குறைந்த கஸ்தல் மறுபடி ஹகானா கைக்கு வந்தது. அதே ஏப்ரல் 9 காலையில், சில கிலோமீட்டர் தள்ளி தெய்ர் யாசீன் கிராமத்துக்குள் இர்குன், லெஹி என்ற யூத ஆயுதக் குழுக்கள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தச் செய்தி பாலஸ்தீனம் முழுக்கப் பரவி, மக்களை ஊரைவிட்டு ஓடவைத்தது.

நாக்‌ஷோனில் ஜெருசலேமுக்குப் பெரிய லாரி வரிசைகள் சில போய்ச் சேர்ந்தன. பிறகு பாதை மீண்டும் அடைபட்டது. அந்த அளவில் பார்த்தால் அரை வெற்றி. ஆனால் சிதறி நின்று காக்கும் படை, திரண்டு போய்ப் பிடிக்கும் படையாக மாறிவிட்டது. மார்ச்சில் எழுதிவைத்த திட்டம் தாலெத், ஊர்களைப் பிடிப்பதையும் தேவையெனத் தளபதிகள் கருதினால் அழிப்பதையும் அனுமதித்திருந்தது. தாளில் இருந்த அந்தத் திட்டத்தை நடத்தும் பலம் இப்போது வந்தது. ஏப்ரல் கடைசியில் கடல்வழியே இன்னும் 10,000 ரைஃபிள்கள் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டுக்குள் வந்த பி-18களின் மொத்தம் சுமார் 34,500.

பெய்த் தராஸுக்குத் திரும்பவேண்டும். 1945 கணக்கில் அங்கே சுமார் 2,750 பேர். உழவர்கள். மே 11 வாக்கில் ஹகானாவின் கிவாத்தி படைப்பிரிவு அந்த ஊரைப் பிடித்தது. மக்கள் காசாவை நோக்கிப் போனார்கள், வீடுகள் தகர்க்கப்பட்டன. முதல் துப்பாக்கிகள் அவர்கள் நிலத்தின் ஓரத்தில் இறங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இந்தத் துப்பாக்கியின் கதையைச் சொல்லும் பல நூல்களில் பெய்த் தராஸ் ஓர் ஓடுதளத்தின் பெயராக வந்து போய்விடுகிறது. அது ஓர் ஊரின் பெயர்.

துப்பாக்கியைத் தூக்கியவர்களையும் மறக்க முடியவில்லை. வதைமுகாம்களில் இருந்தும் சைப்ரஸ் தடுப்புமுகாம்களில் இருந்தும் வந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தார்கள். மூன்றாண்டுக்கு முன் தங்கள் குடும்பத்தைச் சுட்டவர்கள் பிடித்திருந்த அதே வார்ப்புத் துப்பாக்கி, அதே கழுகு. பின்பு இஸ்ரேலிய ஆயுதப் பட்டறைகளில் பலவற்றில் அந்த முத்திரையை அரத்தால் அழித்தார்கள். தாவீதின் நட்சத்திரத்தைப் பொறித்தார்கள். சிலவற்றில் அழிக்க யாருக்கும் நேரமில்லை. கழுகும் நட்சத்திரமும் ஒரே உலோகத்தில் விரல் அகலத்தில் நிற்கின்றன.

பிராக் 1955-ல் தன் ஆயுதங்களை எகிப்தின் நாசருக்கு விற்றது. வாங்குபவர் மாறிவிட்டார், அவ்வளவே. அதே பத்தாண்டில் இஸ்ரேல் பெல்ஜியத்தின் எஃப்என் ரைஃபிளுக்கு மாறத் தொடங்கியது. ‘செக்கி’யை வீசிவிடவில்லை. 7.92 குழலைக் கழற்றிப் புதிய நேட்டோ அளவுக் குழல் பூட்டி, பின்வரிசைப் படைகளுக்குக் கொடுத்தார்கள். தவறான தோட்டா ஏறிவிடாமலிருக்க, மரப் பின்கட்டையில் பெரிதாக ‘7.62’ என்று சூட்டுக்கோலால் எழுதினார்கள். பிறகு அதற்கும் வேலையில்லாமல் போகவே, கப்பலேறி அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் சந்தைக்கு வந்தது. அங்கே ஒரு மேசைமேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், பூதக்கண்ணாடி வைத்து ப்ர்னோவின் சங்கேத எழுத்தைத் தேடுகிறார். கூடவே, அரைகுறையாக அழிந்த கழுகையும்.