சிறகில்லா அதிசயங்கள்: 1966 இங்கிலாந்து அணியின் குறுகிய ஆட்ட அமைப்பு

சிறகில்லா அதிசயங்கள் என்பது 1966 ஆம் ஆண்டு உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியை வென்ற இங்கிலாந்து அணிக்கு வழங்கிய பட்டப்பெயர் ஆகும். கால்பந்தில் ஆடுகளத்தின் இரு ஓரங்களையும் சிறகுகள் என்பர். ஓரமாக முன்னேறிக் கோல் முகப்புக்குப் பந்தை அனுப்புபவர் விங்கர். பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சி விங்கர்களைத் தவிர்த்து, நடுக்கள வீரர்களை நெருக்கமாக நிறுத்தினார். இவ்வகை அமைப்பு குறுகிய அமைப்பு எனப்படுகிறது.

பின்னணி

ஸ்டான்லி மேத்யூஸ், டாம் ஃபின்னி போன்ற விங்கர்கள் இங்கிலாந்துக் கால்பந்தின் பெருமையாகக் கருதப்பட்டனர். 1963 இல் பொறுப்பேற்ற ராம்சி அந்த மரபிலிருந்து விலகினார். 1965 டிசம்பரில் மாட்ரிட் நகரில் விங்கர் இல்லாத அணியுடன் ஸ்பெயினை 2-0 என வென்றார். எனினும் உலகக்கோப்பையின் முதல் மூன்று ஆட்டங்களில் கானெல்லி, பெய்ன், காலகன் ஆகிய விங்கர்களை ஆட்டத்துக்கு ஒருவராகப் பயன்படுத்தினார். காலிறுதி முதல் விங்கருக்கு இடமில்லை.

அமைப்பும் உத்தியும்

இவ்வமைப்பு 4-1-3-2 எனக் குறிக்கப்படுகிறது. நான்கு தற்காப்பு வீரர்களுக்கு முன்னால் நாபி ஸ்டைல்ஸ் காவலாக நின்றார். அவருக்கு முன் ஆலன் பால், பாபி சார்ல்ட்டன், மார்ட்டின் பீட்டர்ஸ் ஆகிய மூவரும், தாக்குதலில் ரோஜர் ஹன்ட், ஜெஃப் ஹர்ஸ்ட் ஆகிய இருவரும் ஆடினர்.

அக்காலத்தில் பரவலாக இருந்த 4-2-4 அமைப்பில் நடுக்களத்தில் இருவரே இருப்பர். அங்கு நால்வரை நிறுத்தும் அணிக்குப் பந்தைக் கைப்பற்றுவது எளிது. ஸ்டைல்ஸ் காவல் காத்ததால் சார்ல்ட்டன் தடையின்றி முன்னேற முடிந்தது. போர்த்துகலுக்கு எதிரான அரையிறுதியில் சார்ல்ட்டன் இரண்டு கோல்கள் அடித்தார். ஸ்டைல்ஸ் கண்காணித்த யூசேபியோவுக்குப் பெனால்டி வழியாக மட்டுமே கோல் கிடைத்தது.

ஓரங்கள் கைவிடப்படவில்லை. நிலையாக ஒருவர் நிற்காத அந்த வெற்றிடத்துக்குள், ஓரத் தற்காப்பு வீரர்களான ஜார்ஜ் கோகனும் ரே வில்சனும் பின்னாலிருந்து ஓடினர். ஆலன் பால் நடுவிலிருந்து ஓடினார். மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் 101 ஆவது நிமிடத்தில், வலது ஓரத்திலிருந்து பால் அனுப்பிய பந்தையே ஹர்ஸ்ட் கோலாக்கினார். இங்கிலாந்து 4-2 என வென்றது.

பலவீனம்

ஓரம் முழுவதையும் ஓடிக் காப்பவர் களைத்துவிட்டால் இவ்வமைப்பு தளர்ந்துவிடும். 1970 இல் மெக்சிகோவின் லியோன் நகரில் நடந்த காலிறுதியில் இது வெளிப்பட்டது. இங்கிலாந்தின் இரு கோல்களுமே வலது ஓரத் தற்காப்பு வீரர் கெய்த் நியூட்டன் முன்னேறி வந்து அனுப்பிய பந்துகளால் கிடைத்தவை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த அந்நகரின் நண்பகல் வெயிலில் வீரர்கள் சோர்ந்தனர்.

1966 உலகக்கோப்பையில் மாற்று வீரர்களுக்கு அனுமதி இல்லை. 1970 இல் முதன்முறையாக இருவர் அனுமதிக்கப்பட்டனர். இரண்டாம் பாதியில் மேற்கு ஜெர்மனி யூர்கன் கிராபோவ்ஸ்கி என்னும் விங்கரைப் புதிதாக இறக்கியது. அதுவரை ஓடிக் களைத்திருந்த இடது ஓரத் தற்காப்பு வீரர் டெர்ரி கூப்பரால் அவரைத் தடுக்க இயலவில்லை. கூடுதல் நேரத்தில் கூப்பரைக் கடந்து அவர் அனுப்பிய பந்தே, லோரின் தலை வழியாகச் சென்று, கெர்ட் முல்லரின் வெற்றிக் கோலானது. 2-0 என முன்னிலை பெற்றிருந்த இங்கிலாந்து 3-2 எனத் தோற்றது.

குறுகிய அமைப்பு நடுக்களத்தில் தரும் எண்ணிக்கை பலத்துக்கான விலையை ஓரத் தற்காப்பு வீரர்களின் கால்களே செலுத்துகின்றன. 1966 இல் அக்கால்கள் இறுதிவரை தாங்கின, லியோனில் தாங்கவில்லை.