மாத்தளையும் துவக்கு வரியும்

கண்டி நாட்டுக் கம்மாளரின் கைத்திறனுக்கு அவர் செய்த துவக்குகளே சான்றாகும். ஐரோப்பியத் துவக்குகளிற் பெரும்பாலும் வலப்புறம் அமையும் விசைப்பொறியை அவர் இடப்புறத்தில் அமைத்தனர். அடிக்கட்டையை இரு பிளவாகச் செதுக்கினர். தந்தமும் வெள்ளியும் பதித்து அழகு செய்தனர். இவை பிரதானிகளுக்குரியன.

குடியானவனுடைய துவக்கோ அணிகலன் அன்று. காட்டுப்பன்றியையும் யானையையும் விலக்கிச் சேனைப்பயிரைக் காக்கும் கருவி. நாயும் அக்காவலுக்குத் துணை. 1848 ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டன் பிரபு துவக்கொன்றுக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்சும், நாயொன்றுக்கு 1 சிலிங்கும் வரியாக விதித்தார். வீதி வேலைக்கு 6 நாள் உழைப்போ, ஈடாக 3 சிலிங்கோ கேட்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் காணி போனமையால் முன்னரே மனம் நொந்திருந்த மக்கள் கொதித்தெழுந்தனர்.

யூலை 28 இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பெற்றார்; கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். இராணுவச் சட்டம் பிறந்தது. ஓகஸ்ட் 8 இல் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்குமுறையின் கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஆராயப்பட்டது. 1850 இல் டொரிங்டன் பதவி நீங்கினார்.

அரசிறைக்கு அவ்வரி சிறுதொகை. உழவனுக்கோ தன் விளைவைத் தானே காப்பதற்கு இறுக்கவேண்டிய தண்டம். இவ்வேறுபாட்டை ஆள்வோர் உணராமையே மாத்தளை மண்ணிற் குருதி சிந்தக் காரணமாயிற்று.