துண்டறிக்கையில் இல்லாத பெயர்: இந்துஸ்தான் சோசலிஸ்ட் குடியரசு இயக்கத்தினரின் வன்முறை நியாயங்கள்

ஆயுதமேந்திய இயக்கங்கள் தம் செயலுக்கு நியாயம் கற்பித்து வெளியிடும் துண்டறிக்கைகளைச் சொல்லாட்சி நோக்கிலும் ஆராய்தல் வேண்டும். பகத்சிங், சந்திரசேகர ஆசாத் முதலியோர் இயங்கிய இந்துஸ்தான் சோசலிஸ்ட் குடியரசு இயக்கத்தின் அறிக்கைகள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

1928 அக்டோபர் 30 அன்று லாகூரில் காவலரின் தடியடிக்கு ஆளான லாலா லஜபதி ராய் நவம்பர் 17இல் காலமானார். பழிதீர்க்கக் குறிக்கப்பட்டவர் காவல் கண்காணிப்பாளர் ஸ்காட். டிசம்பர் 17இல் கொல்லப்பட்டவரோ உதவிக் கண்காணிப்பாளர் சாண்டர்ஸ். ஆள் மாறியது குறித்து மறுநாள் சுவரொட்டிகள் எதுவும் கூறவில்லை. ராயின் சாவுக்கான பழி சாண்டர்ஸ் மீதே ஏற்றப்பட்டது. ஒரு மனித உயிரைப் பறிக்க நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்த அறிக்கை, அவர் அநீதியான ஆட்சியமைப்பின் ஓர் உறுப்பு என்று அமைதி கூறியது. மனிதர் மறைந்து உறுப்பு மட்டுமே எஞ்சுவது இங்கு நோக்கத்தக்கது. உறுப்பு என்றான பின் ஸ்காட் என்ன, சாண்டர்ஸ் என்ன?

தப்பியோடியவர்களைத் துரத்திச் சென்ற தலைமைக் காவலர் சானன் சிங்கும் அன்று ஆசாத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். அறிக்கையில் அவர் பெயரே இல்லை. அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த சொல்லாடலுக்குள் ஓர் இந்தியக் காவலரின் சாவை அடக்குவது எளிதாக இருந்திராது. சாண்டர்ஸுக்குக் கிடைத்த அந்த வருத்தச்சொல் கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

1929 ஏப்ரல் 8இல் தில்லி மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசப்பட்டபோது நிலை வேறு. பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் ஆளில்லா இடம் நோக்கி எறிந்து, துண்டறிக்கைகளை வீசி, தப்பாமல் நின்று கைதாயினர். செவிடர் கேட்க உரத்த குரல் தேவை என்ற கருத்தை 1893இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குண்டெறிந்த வையானிடமிருந்து கடன்கொண்டனர். இங்கே குண்டு கொல்கருவியன்று, பறை எனலாம். அவர்களது நியாயங்களுள் வலுவானது இதுவே.

அவ்வாண்டு டிசம்பர் 23இல் வைசிராய் இர்வினின் தொடர்வண்டி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. அவர் உயிர் தப்பினார். இதனைக் கண்டித்துக் காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் எழுதினார். அதற்கு மறுப்பாக பகவதி சரண் வோரா 1930 சனவரியில் 'வெடிகுண்டின் தத்துவம்' என்னும் அறிக்கையை வரைந்தார். அநீதி இழைக்கப் பயன்படும் உடல்வலிமையே வன்முறை என அவர் வரையறுக்கிறார். எனவே தம் செயல் அப்பெயருக்கு உரியதன்று என்பது அவர் வாதம். எது அநீதி என்று முடிவுசெய்பவர் குண்டு வைத்தவரே என்பதால் இவ்வரையறை வாதியையே நீதிபதியாக்கிவிடுகிறது.

அந்நியர்மீது தொடுக்கும் வன்முறை எளிதில் சொந்த மக்கள்மீதும் திரும்பும் என்று காந்தி தம் கட்டுரையில் எச்சரித்திருந்தார். லாகூரில் சானன் சிங் வீழ்ந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.